முட்டுக்காட்டு முகத்துவாரம்

சென்னையிலிருந்து மகாபலிபுரத்துக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் முட்டுக்காட்டைப் பார்த்தவர்கள்தாம். ஆனால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைப் பாலத்தின்மேல் வண்டி ஓடுகிற அரை நிமிஷ நேரத்துக்கு மேல் பார்த்திருக்க மாட்டார்கள். இடப்புறம் மணல் திட்டும் கடலும். வலப்புறம் வானத்தைக் கவிழ்த்து வைத்தாற்போலப் பரந்து கிடக்கும் உப்பங்கழி. "அடடா, என்ன அழகு!" என்று வாய் திறப்பதற்குள் பாலம் முடிந்து, சவுக்குத் தோப்பும் கடைகளும் வந்துவிடும்.

அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாலத்திலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக உபாத்தியாயராக இருக்கிறேன். பூகோள வகுப்பில் 'கழிமுகம்' என்ற பாடத்தை இருபது தடவை நடத்தியிருக்கிறேன். கழிமுகத்தில் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து பார்த்ததில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறீர்களே, எங்களுக்கு எப்போது காட்டப் போகிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள். சென்ற தை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறையைத் தீர்த்து வைப்பதென்று தீர்மானித்து, புளியோதரை, தயிர் சாதம், மாவடு சகிதமாகப் பஸ் ஏறினோம். காலேஜில் முதல் வருஷம் படிக்கும் என் பெண்ணும், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பிள்ளையும் கூட வந்தார்கள்.

முட்டுக்காட்டில் இறங்கியதும் கண்ணில் படுவது சுற்றுலாக் கழகத்தார் நடத்தும் படகுத் துறை. துடுப்புப் படகு, மிதி படகு, மோட்டார்ப் படகு என்று வகைக்கு ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தன. அவற்றிற்கு நடுவே, நண்டுகளுக்கு நடுவில் யானை நிற்பதுபோல, இரண்டு அடுக்கு உள்ள உணவுக் கப்பல் ஒன்று நின்றது. நூற்றிருபத்தைந்து அடி நீளமாம். "அப்பா, இது நிஜக் கப்பலா?" என்று பிள்ளை கேட்டான். "இல்லையடா, நீந்தக் கற்றுக்கொண்ட ஹோட்டல்" என்றாள் அவன் தாயார்.

ஒரு துடுப்புப் படகில் ஏறிக் கழியைச் சுற்றி வந்தோம். தண்ணீர் ஆழம் அதிகமில்லை. கொக்குகளும் நீர்க்காகங்களும் மனிதர்களை ஒரு பொருட்டாக நினைக்காமல் தங்கள் ஜோலியைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் வந்து இந்தக் கழியோடு கலக்கிறது. 1806-இல் சென்னைக்கு வடக்கே வெட்ட ஆரம்பித்த கால்வாய் இது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், கஞ்சிக்காக மண் சுமந்த ஏழை ஜனங்கள் நகரத்தின் வழியாக வெட்டிக் கொடுத்த பிறகுதான் வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றாக இணைந்தன. பெயர் மட்டும் அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு காலத்தில் உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிய படகுகள் இந்த வழியாகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தன.

சற்றுத் தெற்கே தெரிகிற கோவளத்துக்கும் பழைய சரித்திரம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆஸ்டெண்டு கம்பெனி என்ற ஐரோப்பிய வர்த்தகக் கூட்டத்தார் அங்கே பண்டகசாலை வைத்திருந்தார்கள். பிறகு நவாபின் கோட்டை எழுந்தது, பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1752-இல் கிளைவ் அவர்களிடமிருந்து பறித்தான். இன்று அங்கே மாதா கோவிலும், தர்க்காவும், செம்படவர் குப்பமும், பெரிய ஹோட்டலும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. யார் யாரோ வந்து இறங்கிய கரை அது. இதைச் சொல்லும்போது, அன்று சாயங்காலம் நான் கேட்கப்போகிற கதையை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை.

படகை விட்டிறங்கி, பாலத்தைக் கடந்து, கடலுக்கும் கழிக்கும் நடுவே உள்ள மணல் திட்டுக்கு நடந்தோம். அங்கேதான் முகத்துவாரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளம் உடைத்துவிட்ட வாய், தை மாதத்தில் இன்னும் திறந்தே இருந்தது. கழித் தண்ணீர் பச்சையாகவும் கடல் தண்ணீர் நீலமாகவும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்ற காட்சியை எழுத எனக்குச் சாமர்த்தியம் போதாது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்தான். வலை வட்டமாக விரிந்து விழுந்ததைக் கண்டு என் பிள்ளை கைதட்டினான். வலைகாரன் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் வலையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கரையேறி வந்தான்.

"ஸார், என்னைத் தெரிகிறதா?"

தெரிந்தது. கோவளத்துக் குப்பத்துப் பையன். என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். இப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவனைக் கண்டதும் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம் மட்டும் அல்ல. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவனையும் உட்கார வைத்துப் புளியோதரை கொடுத்தாள் என் மனைவி. "இந்த வாய் எப்போதும் இப்படியே திறந்திருக்குமா, அண்ணா?" என்று கேட்டாள் என் பெண்.

"இல்லை, பாப்பா. சித்திரை, வைகாசியில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டிச் சாத்திவிடும். மழை வந்தால் வெள்ளம் திறந்துவிடும். மழை போதாத வருஷத்தில் மண்வெட்டி எடுத்துக்கொண்டு நாங்களே வெட்டிவிடுவோம்."

"ஏன் வெட்ட வேண்டும்? சாத்தியிருந்தால் என்ன?"

"சாத்தியே கிடந்தால் கழி கெட்டுப் போகும். தண்ணீர் வற்றி உப்பு ஏறும். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. ஆனால் கண்ட நேரத்தில் வெட்டவும் கூடாது. அலை பார்த்து, காற்றுப் பார்த்து, பெரியவர்கள் சொல்கிற நாளில்தான் வெட்டுவோம்."

அந்தச் சமயத்தில் அடிவானத்தில் ஒரு கப்பல், வெள்ளைக் கோடு போல, வடக்கு நோக்கி நகர்ந்து கொண்டிருந்தது. "உல்லாசக் கப்பலா, அப்பா?" என்று பிள்ளை கேட்டான். சரக்குக் கப்பலாகத்தான் இருக்கும் என்றேன். ஆனால் உல்லாசக் கப்பலும் இந்தக் கடலுக்குப் புதியதல்ல. 2022 ஜூனில் 'எம்ப்ரெஸ்' என்ற கப்பல் சென்னையிலிருந்து பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வந்தது. அங்கே இறங்க அநுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டம் நடக்கும், ஊரின் பண்பாடு கெடும் என்று ஆட்சேபணை எழுந்ததே காரணம். கப்பல் கரையைப் பார்த்தபடி நின்றுவிட்டுச் சென்னைக்குத் திரும்பியது. அதே கப்பலுக்கு அதே வருஷம் ஜனவரியில் வேறொரு காரணத்தால் ஒரு துறைமுகம் கதவைச் சாத்தியிருந்தது. மும்பையிலிருந்து சுமார் இரண்டாயிரம் பேருடன் கோவாவுக்குப் போனபோது, பரிசோதனையில் அறுபத்தாறு பேருக்குக் கொரோனா கண்டது. பிரயாணிகளை ஊருக்குள் இறங்க விடாமல் நிறுத்தி, கப்பலை மும்பைக்கே திருப்பினார்கள்.

நான் இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவன் மணலில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் இருந்த கப்பலை ஏழு துறைமுகம் வேண்டாம் என்றது, ஸார்" என்றான்.

அவன் ஒரு வெளிநாட்டு உல்லாசக் கப்பலில் சமையற்கட்டுச் சிப்பந்தியாக வேலை பார்த்தவன். 2020 மார்ச்சில் பிரயாணிகளையெல்லாம் ஒருவாறு இறக்கிவிட்டார்கள். அவர்கள் விமானம் ஏறித் தங்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். சிப்பந்திகளை மட்டும் எந்தத் துறைமுகமும் ஏற்கவில்லை. கப்பல் கரைக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி நின்றது. பிறகு வேறு கரை. பிறகு வேறு கரை.

"ராத்திரியில் ஊர் விளக்கெல்லாம் தெரியும், ஸார். கார் போவதுகூடத் தெரியும். நாய் குரைக்கிற சத்தம் ஒரு நாள் கேட்டது. அதைக் கேட்டு ஒருத்தன் அழுதான்."

மே மாதத்தில் கோவளத்தில் அவனுடைய தகப்பனார் இறந்து போனார். ஈமக் கடன்களை அவன் கைப்போனில் பார்த்தான். கப்பலில் போன் சரியாக எடுக்காது. கொள்ளி வைக்கிற சமயத்தில் படம் நின்றுவிட்டதாம்.

அவன் மாத்திரம் அல்ல. அந்த வருஷம் ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் உலகக் கடல்களில் அகப்பட்டுக்கொண்ட மாலுமிகளும் சிப்பந்திகளும் சுமார் நான்கு லட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்வழி ஸ்தாபனம் கணக்கிட்டது. நம் தேசத்துக் கதவும் அப்போது நம்மவர்களுக்கே சாத்தியிருந்தது. 'மாரெல்லா டிஸ்கவரி' என்ற கப்பலில் இருந்த சுமார் 145 இந்தியச் சிப்பந்திகள், சொந்த நாட்டுக் கரையில் இறங்க வாரக் கணக்கில் கடலில் காத்திருந்து, 2020 ஏப்ரல் 23-இல்தான் மும்பையில் காலடி வைத்தார்கள். அதற்கு முந்திய மாதத்தில் புது மங்களூர்த் துறைமுகத்துக்கு வந்த 'லிரிகா' என்ற உல்லாசக் கப்பலையும் உள்ளே விடவில்லை.

"ஏன் அப்பா அப்படிச் செய்தார்கள்? பாவம் இல்லையா?" என்று பிள்ளை கேட்டான்.

கேட்பது சுலபம். துறைமுகத்தின் கதவைக் காக்கிறவனுடைய இடத்தில் நின்று பார்த்தால் பதில் அத்தனை சுலபம் அல்ல. கொள்ளை நோய்கள் கப்பலேறி வருவது புதிதல்ல. 1377-இல் ஏட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ரகூசா என்னும் நகரத்தார், நோய் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள் முப்பது நாள் வெளியே தங்கிய பிறகே ஊருக்குள் வரலாம் என்று சட்டம் செய்தார்கள். முப்பது பிறகு நாற்பதாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பது என்பதற்குள்ள சொல்லிலிருந்துதான் 'குவாரண்டைன்' என்ற வார்த்தை பிறந்தது. நோய் உள்ள கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி ஒதுங்கி நிற்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: இன்றைய சர்வதேச வழக்கத்தில் அதே மஞ்சள் கொடிக்கு, 'எங்கள் கப்பலில் எல்லோரும் சுகம், உள்ளே வர அநுமதி கொடுங்கள்' என்று பொருள்.

கதவைச் சாத்தினாலும் ஆபத்து, திறந்தாலும் ஆபத்து என்பதை 2020-ஆம் வருஷம் உலகத்துக்குக் காட்டியது. 'டைமண்ட் பிரின்ஸஸ்' என்ற கப்பல் பிப்ரவரி ஆரம்பத்தில் ஜப்பானின் யோகஹாமாவில் நிறுத்தப்பட்டது. அதில் 3,711 பேர். எல்லோரையும் கப்பலிலேயே இருக்கச் சொன்னார்கள். பிரயாணிகள் அறைக்குள் அடைந்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மூன்று வேளையும் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? சிப்பந்திகள். ஓர் அறையில் பலராகப் படுத்து, ஒரே கூடத்தில் உண்டு, அவர்கள் வேலை செய்தார்கள். முதல் பரிசோதனையில் பத்துப் பேராக இருந்த நோயாளிகள் முடிவில் 712 பேர் ஆனார்கள். நோயில் ஒரு பகுதி காவல் வைப்பதற்கு முன்பே பரவியதுதான்; ஆனால் காவலுக்குப் பிறகும் சிப்பந்திகளிடையே அது பரவுவது நிற்கவில்லை. அந்தக் கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் சிப்பந்திகள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

'வெஸ்டர்டாம்' என்ற மற்றொரு கப்பலை ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து எல்லாம் மறுத்தன. அதில் நோயாளி எவரும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. கடைசியில் ஏழை நாடாகிய கம்போடியா பிப்ரவரி 13-இல் தன் கரையில் இடம் கொடுத்தது. 'ஸாண்டாம்' என்ற கப்பலைத் தென்னமெரிக்கத் துறைமுகங்கள் துரத்தின. அது பனாமாக் கால்வாயைக் கடந்து ஏப்ரலில் அமெரிக்கக் கரையை அடைவதற்குள் நான்கு பேர் உயிர் நீத்தார்கள். நேர்மாறான உதாரணமும் உண்டு. மார்ச் 19-இல் சிட்னி நகரத்தார் 'ரூபி பிரின்ஸஸ்' கப்பலிலிருந்து சுமார் 2,700 பிரயாணிகளைப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல் இறங்க விட்டார்கள். நோய் ஊர் ஊராகப் பரவியது. அந்தக் கப்பலோடு தொடர்புள்ள மரணங்கள் இருபத்தெட்டு. அந்தத் துறைமுகத்துக் கதவு இரக்கத்தால் திறந்தது என்று சொல்ல முடியாது, அசட்டையால் திறந்தது.

ஆகவே, பயப்படுவது பாவமல்ல. ஆனால் பயம் எந்த இடத்தில் வேறொன்றாக மாறுகிறது? இந்தக் கேள்விக்கு நம் தேச சரித்திரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1896-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் காந்தியடிகள் சென்னைக்கு வந்து, பச்சையப்பன் மண்டபத்தில், தென்னாப்பிரிக்காவில் இந்தியர் படும் அல்லல்களை எடுத்துரைத்தார். எஜமானனிடம் அடிபட்டுப் பல் உடைந்து, ரத்தம் ஒழுக அவரிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியின் கதை சென்னைவாசிகளின் நெஞ்சை உருக்கியது. அடுத்த மாதக் கடைசியில் அவர் மனைவி மக்களுடன் பம்பாயில் 'கூர்லண்டு' என்ற கப்பலில் ஏறினார். 'நாதேரி' என்ற மற்றொரு கப்பலும் அதே சமயத்தில் புறப்பட்டது. இரண்டிலும் சேர்ந்து சுமார் எண்ணூறு பேர். டிசம்பர் 18-இல் இரண்டும் டர்பன் துறைமுகத்தை அடைந்தன.

பம்பாயில் அப்போது பிளேக் நோய் இருந்தது உண்மை. கப்பல்களில் நோய் இல்லை என்பதும் உண்மை. முதலில் சில நாள் காவல் என்றார்கள். அந்த நாள் கழிந்ததும் இன்னும் சில நாள் என்றார்கள். கரையிலோ வெள்ளைக்காரர்கள் பொதுக் கூட்டம் கூடி, இந்தியர்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கடலில் தள்ளுவோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சர்க்காரின் மந்திரி ஒருவரே அவர்களுக்கு அநுகூலமாக இருந்தார். மஞ்சள் கொடி பிளேக்குக்காகப் பறக்கவில்லை, நிறத்துக்காகப் பறந்தது என்பதை எல்லோரும் அறிந்தார்கள். இருபத்து மூன்று நாளுக்கு மேல் கடலில் நின்ற பிறகு, 1897 ஜனவரி 13-இல் பிரயாணிகள் இறங்கினார்கள். காந்தியடிகளைத் தெருவில் சூழ்ந்துகொண்டு கல்லாலும் செங்கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்தார்கள். போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டு அலெக்ஸாண்டரின் மனைவி தற்செயலாக அவ்வழியே வந்து, தன் குடையை விரித்து நடுவில் நின்றிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! அடித்தவர்கள்மேல் வழக்குத் தொடர அவர் மறுத்துவிட்டார். ஏழு வருஷத்துக்குப் பிறகு, 1904-இல், ஜோஹானஸ்பர்க்கில் மெய்யாகவே பிளேக் வந்தபோது நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவர் அதே காந்திதான்.

அவர் டர்பனில் அடிபட்டதற்கு அடுத்த மாதம், 1897 பிப்ரவரியில், பம்பாய்ப் பிளேக்கை முன்னிட்டு இந்தியாவில் தொத்து நோய்ச் சட்டம் பிறந்தது. நூற்றிருபத்து மூன்று வருஷம் கழித்து, 2020-இல் நம் சர்க்கார் கையில் எடுத்ததும் அந்தச் சட்டத்தையே.

இந்தக் கதையை நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்வது வழக்கம். குடையை விரிப்பதுபோல் கையை விரித்துக் காட்டுவேன். பையன்கள் கைதட்டுவார்கள். என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தவனும் ஒரு காலத்தில் கைதட்டியவன்தான்.

இனி, நான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

2020 ஆடி மாதத்தில் அவன் ஊர் திரும்பினான். சர்க்கார் விதித்த நாளெல்லாம் தனியிடத்தில் தங்கி, நோய் இல்லை என்று சீட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். ஆனால் குப்பத்து வழியில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கோடையில் தமிழ் நாட்டில் எத்தனை கிராமங்களில் அப்படி முள் கிடந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். கப்பலிலிருந்து வந்தவன் என்றதும் ஊரார், இன்னும் பதினைந்து நாள் வெளியே இரு என்றார்கள். கழியோரத்துச் சவுக்குத் தோப்பில் ஒரு வலைக் கொட்டகையில் அவன் படுத்திருந்தான். தாயார் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்று அழுவாள். தகப்பன் செத்த வீட்டுக்குள் மகன் போகவில்லை.

அப்போது அவன் எனக்குப் போன் செய்தான். "ஸார், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். ஒரு நடை வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றான்.

நான் போகவில்லை. "வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அப்பா. கொஞ்சம் பொறுத்துக்கொள். பதினைந்து நாள்தானே" என்றேன். சீட்டில் எழுதியிருப்பது இன்னதென்று எனக்குப் படிக்கத் தெரியும். அவனிடமிருந்து எனக்கு ஆபத்து இல்லை என்பது என் புத்திக்குத் தெரியும். ஆனால் கால் எழவில்லை. அந்த வருஷம் ஏப்ரலில், நோய்க்குச் சிகிச்சை செய்து அதே நோயால் உயிர் விட்ட ஒரு வைத்தியரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யப் போனவர்களை ஒரு கூட்டம் செங்கல்லாலும் தடியாலும் தாக்கிய செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "இவர்கள் மனிதர்களா?" என்று ஆத்திரப்பட்டவன் நான். கல்லை நான் எறியவில்லை, குடையையும் விரிக்கவில்லை.

இதையெல்லாம் மணல் திட்டில் உட்கார்ந்து அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒரு சப்பைக் கேள்விதான். "உங்கள் கப்பலை மறுத்தவர்கள்மேல் உனக்குக் கோபம் உண்டா?" என்றேன்.

அவன் சற்று யோசித்தான்.

"இல்லை, ஸார். அவர்களுக்கு என்னைத் தெரியாதே!"

அவ்வளவுதான் சொன்னான். குத்திக் காட்டுகிறவனின் குரல் அது அல்ல. ஆனால் என் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். நல்ல துறைமுகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை உலகத்தார் எழுதி வைக்காமல் இல்லை. 2005-ஆம் வருஷத்திய சர்வதேச சுகாதார விதிகளின்படி, நோயைக் காரணம் காட்டி ஒரு கப்பலைத் துறைமுகத்துக்கு வரவேண்டாம் என்று தடுக்கக் கூடாது. அந்தத் துறைமுகத்தில் தக்க வசதி இல்லையென்றால், வசதியுள்ள மிக அருகிலுள்ள துறைமுகத்துக்கு வழி காட்ட வேண்டும். பரிசோதிக்கலாம், பிரித்து வைக்கலாம், சிகிச்சை செய்யலாம், துரத்தக் கூடாது. 2020-இல் பல தேசங்கள் இதை ஏட்டோடு விட்டுவிட்டன. ஆயினும் முறையாகத் திறந்த கதவுகளும் உண்டு. அவ்வருஷம் ஜூன் ஆரம்பத்தில் நம் கடற்படையின் 'ஜலாஷ்வா' கொழும்பில் தவித்துக்கொண்டிருந்த சுமார் எழுநூறு பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியில் இறக்கியது. ஒவ்வொருவரையும் பரிசோதித்து, ஜில்லா ஜில்லாவாகப் பிரித்து, பஸ் வைத்து அனுப்பினார்கள். துறைமுகம் மூடவும் இல்லை; கண்ணை மூடிக்கொண்டு திறக்கவும் இல்லை.

காற்றுப் பார்த்து, அலை பார்த்து முகத்துவாரம் வெட்டுகிற குப்பத்துப் பெரியவர்களுக்கு இந்த விதி தெரியாததல்ல. தண்ணீர் விஷயத்தில் கடைப்பிடிக்கிற நிதானத்தை ஒரு வருஷம் மனிதன் விஷயத்தில் தவற விட்டார்கள். படித்த உபாத்தியாயரும் தவற விட்டார்.

வெயில் தாழ்ந்துவிட்டது. கழியின்மேல் பொன்னைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று மூட்டையைக் கட்டினோம். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அப்பா, அன்றைக்கு நான் வந்திருக்க வேண்டும். வராதது தப்பு. அதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று" என்றேன்.

அவன் வலையைப் பிழிந்துகொண்டே, "அதனாலென்ன, ஸார். இப்போது வாருங்கள். அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். டீத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாம்" என்றான்.

என் பிள்ளை அதற்குள் அவனுடைய மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டான். நாங்கள் பின்னால் நடந்தோம். குப்பத்துக்கு அந்தச் சவுக்குத் தோப்பின் வழியாகத்தான் போக வேண்டும். முள் கிடந்த இடம் எது என்று நான் கேட்கவில்லை, அவனும் காட்டவில்லை. வழி திறந்திருந்தது. வாசலில் நின்றிருந்த அந்த அம்மாள் எங்களைக் கண்டதும், "வாத்தியாரா? உள்ளே வாங்க, சாமி!" என்று சொல்லிப் பாயை எடுத்து உதறிப் போட்டாள்.